கூந்தன்குளத்தில் குஞ்சுகள் பறக்கும்வரை தண்ணீர் இருப்பு வைக்க வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
பள்ளி ஆசிரியர் மற்றும் பறவை பார்க்கும் மாணவர்கள்,
நாங்குநேரி வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், திருநெல்வேலி.

பொருள்: கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் – வைகாசி முடியும்வரை குளத்தில் குறைந்தபட்ச நீர் இருப்பு வைக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாங்குநேரி வட்டத்தில் பள்ளி ஆசிரியராக வேலை பார்க்கிறேன். 11 வருஷமாக மார்கழி பிறந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் கூந்தன்குளம் கரையில்தான் இருப்பேன். மாணவர்கள் சிலரும் கூட வருவார்கள். என்ன பறவை, எத்தனை, எந்த மரத்தில் கூடு என்று ஒரு நோட்டில் எழுதி வைப்போம். அந்த நோட்டுகளை இந்த மாதம் வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. அதைத் தங்களிடம் சொல்லவே இந்த மனு.

கூந்தன்குளம் 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022 ஆகஸ்டில், உலக முக்கியத்துவம் வாய்ந்தவை என்று அங்கீகரிக்கப்படும் ராம்சர் ஈரநிலங்களின் வரிசையிலும் அதன் பெயர் வந்தது. வரித்தலை வாத்து இமயத்தைத் தாண்டி இங்கே வந்து குளிர்காலத்தைக் கழிக்கிறது. ஊசிவால் வாத்தும் பூநாரையும் வருகின்றன. இவை விருந்தாளிகள். வந்து, மேய்ந்து, போய்விடும். எங்கள் கவலை இங்கேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் மஞ்சள் மூக்கு நாரையையும் கூழைக்கடாவையும் பற்றியது. குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்கள் போதாமல் ஊருக்குள் வேம்பிலும் புளியிலும்கூட இவை கூடு வைக்கும். எச்சம் ஓட்டிலும் முற்றத்திலும் விழுந்து காயும். அந்த வாடையோடுதான் ஊர்க்காரர்கள் சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள். பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடிகூடப் போடுவதில்லை. தங்கள் பங்கை அவர்கள் குறைவில்லாமல் செய்துவருகிறார்கள்.

சரி, சிக்கல் எங்கே என்றால், கணக்கில்தான் இருக்கிறது. நாரை முட்டையிட்டு அடைகாக்க ஏறத்தாழ ஒரு மாதம். குஞ்சு சிறகு முளைத்துப் பறக்க மேலும் இரண்டு மாதம். கூழைக்கடாவின் குஞ்சுக்கு இன்னும் அதிக நாள் வேண்டும். மாசியில் முட்டை வைத்த நாரையின் குஞ்சுக்கு இரை மிகுதியாகத் தேவைப்படுவது சித்திரையிலும் வைகாசியிலும். குளம் வற்றுவதும் அதே மாதங்களில்தான்.

நாரை கண்ணால் பார்த்து மீன் பிடிக்கும் பறவை அல்ல. முழங்கால் தண்ணீரில் அலகைப் பாதி திறந்தபடி துழாவிக்கொண்டே நடக்கும். அலகில் மீன் பட்டதும் கவ்விக்கொள்ளும். அதற்குத் தண்ணீர் ஆழமாகவும் இருக்கக் கூடாது, வெறும் சேறாகவும் இருக்கக் கூடாது.

ஒரு வருஷம் சித்திரையில், ஒரு வீட்டு வேம்பில் இருந்த கூட்டைக் காலை 9 மணி முதல் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்று குஞ்சுகள். வெயில் ஏறியதும் தாயோ தகப்பனோ, ஒரு பறவை கூட்டின் விளிம்பில் நின்று இரண்டு சிறகையும் விரித்து நிழல் கொடுத்தது. குஞ்சுகள் அந்த நிழலுக்குள் ஒண்டி, வாயைத் திறந்து இரைத்துக்கொண்டிருந்தன. இன்னொரு பறவை இரைக்குப் போயிருந்தது. மாசியில் இதே மரத்துப் பறவைகள் எதிரே தெரியும் குளத்தில் இரை எடுத்துத் திரும்புவதைப் பார்த்திருக்கிறோம். அன்றைக்கோ குளம் வெடித்துக் கிடந்தது. போன பறவை 11 மணி வரை திரும்பவில்லை. நிழல் கொடுத்த பறவையும் கடைசியில் எழுந்து பறந்துவிட்டது. அப்புறம் அந்தக் குஞ்சுகள் நேர் வெயிலில் கிடந்தன. இரண்டு வாரம் கழித்து அந்த மரத்துக்கு நேராக நோட்டில் ‘கூடு காலி’ என்று எழுத வேண்டியதாயிற்று. எழுதியவள் எட்டாம் வகுப்புப் பிள்ளை. தண்ணீர் இருந்திருந்தால் பிழைத்திருக்குமா சார் என்று கேட்டாள்.

பாசனத்துக்குத் தண்ணீர் விடக் கூடாது என்று நாங்கள் கேட்கவில்லை. நானும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான். பறவை எச்சம் கலந்த வண்டல் வயலுக்கு எவ்வளவு நல்ல உரம் என்பது இந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிசான நெல் சாகுபடியின் அறுவடை முடிந்தபிறகு குளத்தில் எஞ்சும் தண்ணீரைத்தான் கேட்கிறோம். தை முடிவதற்குள் வனத்துறை, நீர்வளத்துறை, இந்தக் குளத்துப் பாசனம் பெறும் ஆயக்கட்டு விவசாயிகள், ஊர்ப் பெரியவர்கள் எல்லோரையும் ஒரே கூட்டத்தில் உட்காரவைத்து, எந்த மட்டத்துக்குக் கீழே போனால் மடையை அடைப்பது என்று ஒரு அளவைத் தாங்கள் முடிவுசெய்து தர வேண்டும். அந்த அளவை மடைக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் பெயிண்டால் குறித்துவிட்டால் போதும், ஊரே பார்த்துக்கொள்ளும். மணிமுத்தாறு அணையில் இருப்பு உள்ள வருஷங்களில் பங்குனிக் கடைசியில் ஒரு தடவை கால்வாய் வழியாக இந்தக் குளத்துக்குத் தண்ணீர் விட ஆவன செய்ய வேண்டும்.

கூடவே ஒன்று. தூர்வாரும் வேலை எப்போது வந்தாலும் குஞ்சுகள் பறந்துபோனபின், ஆடிக்கு மேல் வைத்துக்கொள்ளும்படி உத்தரவிட வேண்டுகிறோம். கரையோரச் சரிவை ஒரே ஆழமாக வெட்டிவிடாமல் முழங்கால் தண்ணீர் நிற்கும்படி விடச் சொல்ல வேண்டும். ஆழப்படுத்தினால் கூழைக்கடாவுக்குப் பிரச்சினை இல்லை, நாரைக்கு மேய இடம் இருக்காது.

எங்கள் நோட்டுகளின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறோம். கூட்டத்துக்கு அழைத்தால் மாணவர்களோடு வந்து, எந்த மாதத்தில் எந்த மரத்தில் எத்தனை கூடு இருந்தது என்று நேரில் காட்டத் தயாராக இருக்கிறோம். இந்தப் பருவத்தின் முதல் கூடுகளுக்கு நாரைகள் இப்போது சுள்ளி சுமக்கத் தொடங்கிவிட்டன. ஆகவே தை மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆசிரியர் மற்றும் மாணவர்கள்.

இடம்: நாங்குநேரி
இணைப்பு: பறவைக் குறிப்பேடுகளின் நகல், கூடு மரங்களின் கைவரைபடம்