வியாழக்கிழமை சுயகற்றல் நேரம்

இரண்டாம் ஆண்டு எம்பிபிஎஸ் மாணவர்கள் அனைவருக்கும் வணக்கம். வியாழன் மதியம் 2 மணிக்கு நோயியல் துறைச் சிறு வகுப்பறையில் கூடுகிறோம். விரிவுரை கிடையாது. 2019-இல் வந்த திறன் சார்ந்த பாடத்திட்டம் சுயகற்றலுக்கென்றே ஒதுக்கிய நேரம் இது. இதில் ரெக்கார்டு நோட்டு எழுதுவதை நான் ஏற்க மாட்டேன்.

எடுத்துக்கொள்ளும் கேள்வி: 19 வயதுப் பெண், ஹீமோகுளோபின் 9, சிவப்பணுக்கள் சிறுத்திருக்கின்றன. இரும்புச்சத்துக் குறைபாடா, பரம்பரை இரத்தக் குறைபாடான பீட்டா தலசீமியாவின் சிறுவகையா? இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டின் எதைச் சொல்கிறது, சிவப்பணுவின் சராசரி அளவான எம்சிவி-யைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்து வரும் மென்ட்சர் குறியீடு 13-க்குக் கீழே இறங்கினால் எதைச் சந்தேகிப்பீர்கள் என்று தேடி வாருங்கள். இரண்டும் ஒருவருக்கே இருந்தால்? இரும்புக் குறைபாடு, தலசீமியாவின் சிறுவகையில் கூடியிருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஏ2 அளவைத் தாழ்த்திக் காட்டி தலசீமியாவை மறைத்துவிடக்கூடும். நான் மிகவும் எதிர்பார்ப்பது இந்த இடத்தைப் பற்றிய விவாதத்தைத்தான்.

படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவிலிருந்து ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள்; ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் தெளிவாக முன்னே நின்றார்கள். தேர்வுக்கு முந்தைய இரவுப் படிப்பு ஏன் வார்டில் கைகொடுப்பதில்லை என்பது இதிலிருந்து எனக்குப் புரிகிறது.

விடை கிடைக்காத கேள்விகளைப் புதன் இரவுக்குள் இங்கே பதிவிடுங்கள். அவற்றிலிருந்தே தொடங்குவோம்.