சரக்கு இறங்கிய நாளிலிருந்து 45 நாள்: பெரிய நிறுவனங்களின் பர்ச்சேஸ், அக்கவுன்ட்ஸ் மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பம்ப், மோட்டார், இயந்திர நிறுவனங்களின் மேலாளர்களுக்கு வணக்கம்.

சில நாட்களுக்கு முன் உங்களில் ஒரு நிறுவனத்திடமிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அடுத்த பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) வராது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 'மதிப்பிற்குரிய சப்ளையருக்கு' என்று மரியாதையாகத்தான் தொடங்கியிருந்தார்கள். விஷயம் இதுதான்: என் பட்டறையின் உத்யம் பதிவை, அதாவது குறு, சிறு நிறுவனம் என்று அரசிடம் செய்திருக்கும் பதிவை, ரத்து செய்துவிட வேண்டும், 'நாங்கள் குறு, சிறு நிறுவனம் அல்ல' என்று லெட்டர்ஹெட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து அனுப்ப வேண்டும், வெண்டார் பட்டியலில் தொடர இது அவசியம்.

ஏன் கேட்கிறார்கள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2006-ஆம் ஆண்டுச் சட்டம், குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளில் தரச் சொல்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். பல வருஷம் அது புத்தகத்திலேயே தூங்கியது. 2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் ஒரு சின்ன வரியைச் சேர்த்ததும் நிலைமை மாறியது. கெடுவைத் தாண்டிய பாக்கியை, பணம் கொடுத்த வருஷத்தில்தான் செலவாகக் காட்ட முடியும் என்றானது. 2024 மார்ச்சில் உங்கள் ஆடிட்டர்கள் பட்ட பாட்டை நாங்களும் தூரத்திலிருந்து பார்த்தோம். பழைய பில்லெல்லாம் தேடி எடுத்துப் பணம் போட்டீர்கள். ஏப்ரல் பிறந்ததும் பழையபடி 90 நாள், 120 நாள். மார்ச் 31-க்குள் கொடுத்துவிட்டால் வரியில் சிக்கல் இல்லை என்பதால், வருஷத்தில் ஒரு மாதம் மட்டும் எங்கள் மேல் பாசம் பொங்குகிறது.

இப்போது அந்த ஒரு மாதத் தொந்தரவும் வேண்டாமென்று, என்னையே சிறு நிறுவனம் இல்லை என்று எழுதித் தரச் சொல்கிறீர்கள். மூன்று மெஷின், ஏழெட்டு ஆள். நாங்கள் குறு நிறுவனம் இல்லையென்றால் இந்தக் கணபதி, ஆவாரம்பாளையம் சந்துகளில் வேறு யார் குறு?

நான் கேட்பது ஒன்றுதான். சரக்கு இறங்கிய நாளிலிருந்து 45 நாளில் பணம். 

'இறங்கிய நாளிலிருந்து' என்பதை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். உங்கள் கடிகாரம் வேறு இடத்தில் ஓடத் தொடங்குகிறது. டி.சி.யோடு (டெலிவரி சலான்) சரக்கு கேட்டுக்குள் போகும். செக்யூரிட்டி சீல் அடிப்பார். அப்புறம் இன்ஸ்பெக்‌ஷனுக்காக ஒரு மூலையில் கிடக்கும். ஜி.ஆர்.என். (சரக்கு வந்ததற்கான ரசீது) போட ஒரு வாரம், பில் புக் ஆக இன்னொரு வாரம். அதற்கப்புறம்தான் உங்கள் நாள் கணக்கு. சட்டத்தில் அப்படி இல்லை. 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், டெலிவரி எடுத்த நாள்தான் ஏற்றுக்கொண்ட நாள். நான் அனுப்பிய ஷாஃப்ட் (மோட்டாரின் சுழலும் தண்டு) இதற்குள் மோட்டாரில் ஏறி, மோட்டார் டீலர் கடைக்கே போயிருக்கும். உங்கள் சிஸ்டத்தில் மட்டும் அது இன்னும் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கும்.

தாமதம் என்றால் வட்டி நஷ்டம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஜி.எஸ்.டி. எப்படி நடக்கிறது என்பதை ஒரு பில்லை வைத்தே சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த கணக்குதான், ஆனால் எங்கள் பக்கத்திலிருந்து பாருங்கள்.

ஒரு லட்ச ரூபாய்க்கு ஷாஃப்ட் அனுப்புகிறேன். வரி 18 சதவீதம், 18,000 ரூபாய். இரும்பு 50,000 ரூபாய்க்கு வாங்கியிருப்பேன். அதற்கு வரி 9,000. இரும்புக் கடைக்காரர் என்னிடம் 'சிஸ்டத்தில் இருக்கிறது' என்ற பதிலை வாங்கிக்கொள்ள மாட்டார். கையில் காசு, இல்லையென்றால் லோடு இறங்காது. 18,000-இல் இரும்புக்குக் கட்டிய வரி போக மிச்ச வரி 9,000 ரூபாயை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் அரசுக்குக் கட்ட வேண்டும். நீங்கள் பணம் கொடுத்தீர்களா என்று ஜி.எஸ்.டி. போர்ட்டல் கேட்பதில்லை. பில் போட்டாயா, வரி கட்டு. தாமதமானால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. ஆக, உங்களிடமிருந்து ஒரு ரூபாய் வருவதற்கு முன் என் கையிலிருந்து 68,000 போய்விட்டது. சம்பளம், கரண்ட் பில், டூல் செலவு எல்லாம் அதற்கு மேல்.

அதே மாதத்தில் உங்கள் பக்கம் என்ன நடக்கிறது? என் பில் ஜி.எஸ்.டி. போர்ட்டலில் உங்கள் 2பி பட்டியலில் (நீங்கள் வாங்கியதற்கான பில்களின் பட்டியல்) வந்ததும் அந்த 18,000 ரூபாயை உள்ளீட்டு வரியாக எடுத்து, நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்கிறீர்கள். சட்டம் அனுமதிக்கிறது, தப்பென்று சொல்லவில்லை. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எனக்குப் பணம் வராவிட்டால்தான் அதைத் திருப்ப வேண்டும். ஆனால் யோசித்துப் பாருங்கள். வரியையே நான் கடன் வாங்கிக் கட்டுகிறேன், அதன் பலன் உடனே உங்களுக்கு, எனக்கு வர வேண்டியது மட்டும் நாலு மாதம் கழித்து. வங்கியில் ஓ.டி. (ஓவர்டிராஃப்ட்) வரம்பு நிரம்பிய மாதங்களில் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்கு வெளியில் வாங்கித்தான் 20-ஆம் தேதியைத் தாண்டுகிறேன். அரசாங்கத்துக்கு வரி கட்ட கந்துவட்டி வாங்குகிற நிலைமைக்கு என்ன பெயர் வைப்பது என்று எந்த மேலாண்மைக் கல்லூரியிலாவது சொல்லிக்கொடுத்தால் நல்லது.

இன்னொன்று. பணம் கேட்டு நான் போன் செய்தால், அக்கவுன்ட்ஸ் தம்பி 'அடுத்த வாரம் போட்டுர்றங்ண்ணா' என்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அப்ரூவல் அவர் கையில் இல்லை. ஆனால் நான் விற்ற பில்களைக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்.-1 ரிட்டர்ன் 11-ஆம் தேதியைத் தாண்டினால் 12-ஆம் தேதி காலையிலேயே அதே ஆபீசிலிருந்து போன் வரும்: 'அண்ணா, உங்க பில் 2பி-ல வராதுங்க போல, உடனே பைல் பண்ணுங்க.' இவ்வளவு சுறுசுறுப்பான ஆபீசில் என் பில் மட்டும் ஏன் நகர மாட்டேன் என்கிறது என்பதுதான் எனக்குப் புரியாத ஒன்று.

45 நாளில் பணம் வந்தால் முதல் தேதிக்குச் சம்பளம் போடுவேன். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இன்றைக்கு ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்களுக்குத்தான் தெரியும். முன்பெல்லாம் ஐ.டி.ஐ. முடித்த உள்ளூர்ப் பையன்கள் லேத்தில் நிற்க வந்தார்கள். இப்போது அவர்களுக்கு டெலிவரி வேலை இருக்கிறது, அன்றன்றைக்கோ வாரக் கடைசியிலோ பணம் கணக்கில் ஏறிவிடுகிறது. அந்த வேலையில் ஆயிரம் கஷ்டம் உண்டு என்பது வேறு கதை. என் பட்டறையில் இப்போது மெஷின் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் பீகார், ஒடிசாக்காரர்கள். மாதச் சம்பளம் ஐந்து நாள் தள்ளிப்போனால் ஊரில் இருக்கிற குடும்பத்துக்கு ஐந்து நாள் பணம் போகாது. அடுத்த முறை ஊருக்குப் போனால் திரும்ப மாட்டார்கள், வேறு பட்டறைக்குப் போய்விடுவார்கள். நான் சி.என்.சி. (கணினியில் இயங்கும் மெஷின்) பழக்கிய டிப்ளமோ பையன் ஒருவனை உங்களில் ஒருவரே வேலைக்கு எடுத்தீர்கள். சந்தோஷம்தான், நல்ல பையன், பி.எஃப்., கேன்டீன் எல்லாம் கிடைக்கிறது. அவனுக்கு நீங்கள் முதல் தேதிக்குச் சம்பளம் போடுகிறீர்கள். அவன் இங்கே இருந்தபோது செய்த ஷாஃப்டுக்கான பில் இன்னும் பாக்கியில் இருக்கிறது.

கல்லூரி விழாக்களில் உங்கள் நிறுவனத் தலைவர்கள் பேசுகிறார்கள்: வேலை தேடாதீர்கள், வேலை கொடுப்பவராகுங்கள். கைதட்டல் பலமாகத்தான் இருக்கிறது. கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு கிரெடிட் பீரியட் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். முதல் வருஷம் விற்றதை இரண்டாம் வருஷம் வசூலிக்கிற கலை எந்தப் பாடத்திட்டத்திலும் இருப்பதாகத் தெரியவில்லை. இந்த ஊர்ப் பம்ப் தொழிலே பட்டறைகளிலிருந்து வளர்ந்ததுதான். ஸ்பின்னிங் மில்லுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுத்தவர்கள் பிறகு பம்ப் செய்தார்கள், மோட்டார் செய்தார்கள், கிரைண்டர் செய்தார்கள். உங்களில் சிலரின் அப்பாவும் தாத்தாவும் லேத்தில் நின்றவர்கள்தான். அவர்களுக்கும் யாரோ காலாகாலத்தில் பணம் கொடுத்திருக்க வேண்டும்.

'சட்டம் இருக்கிறதே, புகார் கொடுக்க வேண்டியதுதானே' என்பீர்கள். இருக்கிறது. இணையத்தில் புகார் கொடுக்க 2017-ல் சமாதான் போர்ட்டல் வந்தது, புகாரை விசாரிக்க வசதியாக்க கவுன்சில் இருக்கிறது. புகாரை 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பாக்கிக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கில், மாதா மாதம் கூட்டு வட்டி. தீர்ப்பை எதிர்த்து நீங்கள் கோர்ட்டுக்குப் போனால் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். படிக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் புகார் கொடுத்த மறுநாள் உங்கள் சிஸ்டத்தில் எனக்குள்ள சப்ளையர் எண்ணான வெண்டார் கோடு என்ன ஆகும்? வியாபாரத்தை மொத்தமாக முடித்துக்கொண்டவர்தான் தைரியமாகப் புகார் கொடுக்க முடியும். சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரியாதா? அரசு நிறுவனங்களே எத்தனை பட்டறைகளுக்குக் காலம் தாழ்த்திக் கொடுக்கின்றன! பணம் கைக்கு வந்தபின் வரி கட்டுகிற வழியைச் சின்னவர்களுக்காவது வைக்கலாமே என்றால், அதைக் காதில் போட்டுக்கொள்ள டெல்லியில் ஆளில்லை. கரண்ட் நிலைக்கட்டணம், இரும்பு விலை என்று தொடங்கினால் இந்த மடல் முடியாது. அதெல்லாம் உங்கள் கையில் இல்லை. என் பில் உங்கள் கையில் இருக்கிறது.

அதனால் உங்களிடமே பணிவாகக் கேட்கிறேன். உத்யம் பதிவை ரத்து செய்யச் சொல்லும் கடிதங்களை நிறுத்துங்கள். அந்தக் கையெழுத்தை நான் போடப்போவதில்லை. வெண்டார் படிவத்தில் 'கிரெடிட் பீரியட் 90 நாள்' என்று முன்கூட்டியே அச்சடித்திருப்பதை எடுத்துவிடுங்கள். குறு, சிறு நிறுவனத்தோடு 45 நாளுக்கு மேல் ஒப்பந்தமே போட முடியாது என்பது உங்கள் சட்டப் பிரிவுக்குத் தெரியும். 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள், சிறு நிறுவனங்களின் பில்லுக்கு வங்கிகள் முன்கூட்டியே பணம் தரும் ட்ரெட்ஸ் தளத்தில் பதிய வேண்டும் என்று 2024 நவம்பரில் அறிவிப்பு வந்தது. பதிந்தவர்கள் அதில் எங்கள் பில்லையும் ஏற்றுக்கொள்ளுங்கள். உங்களுக்கு அவகாசம் வேண்டுமென்றால் வங்கியிடம் எடுத்துக்கொள்ளலாம், எனக்குப் பணம் உடனே வந்துவிடும். இது எதுவுமே முடியாதென்றால் பழைய கோரிக்கைதான்: சரக்கு இறங்கிய நாளிலிருந்து 45 நாள்.

இந்த மடலுக்குப் பதில் எழுத உங்களுக்கு நேரம் இருக்காது என்று தெரியும். எழுத வேண்டாம். அந்த நேரத்தில் பாக்கிப் பட்டியலைத் திறந்து, நாள்பட்ட பில்களில் நாலைந்துக்கு அப்ரூவல் கொடுத்துவிடுங்கள். இந்த மாதமும் 20-ஆம் தேதி வரப்போகிறது.

நன்றியுடன்,
கணபதியில் ஒரு பட்டறைக்காரன்