எஞ்சினை மைதானத்தில்தான் ஒப்படைக்கிறோம், ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ரேடியோவால் இயக்கும் சாகச மாடல் விமானம் வாங்குகிறவர்களும் எஞ்சினை டியூன் செய்யக் கொண்டுவருகிறவர்களும் கேட்பது ஒன்றுதான்: "கடை வாசலிலேயே ஸ்டார்ட் செய்து காட்டிக் கொடுத்துவிட்டால் ஆகாதா?" கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கமிருந்து எல்லை தாண்டிப் பொள்ளாச்சிக்கு வருகிறவர்களுக்கு அரை நாள் பிழைப்பு கெடுகிறது என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் காரணத்தை விளக்கமாகவே எழுதிவிடுகிறோம்.

வாசலில் ஓடும் எஞ்சின் படுத்த வாக்கில் ஓடுகிறது. சாகச விமானமோ செங்குத்தாக மேலே ஏறும். அப்போது டேங்க் கீழே போய்விடும், கார்புரேட்டர் மேலே இருக்கும். எரிபொருள் ஏறிவர வேண்டியிருப்பதால் கலவை வறண்டுவிடும், அதாவது காற்றோடு கலக்கும் எரிபொருள் குறைந்துவிடும். போதாததற்கு, பறக்கும் வேகத்தில் ப்ரொப்பெல்லரின் பாரம் குறைந்து எஞ்சின் தரையில் சுற்றியதைவிட வேகமாகச் சுற்றும், கலவை இன்னும் வறளும். டேங்க் காலியாகக் காலியாகவும் இதே கதைதான். தரையில் உச்ச வேகத்துக்கு முறுக்கிவைத்த எஞ்சின் லூப்பின் (வானில் செங்குத்தாக வட்டமடிப்பதன்) நடுவில் சூடேறி நின்றுபோவது இதனால்தான்.

எனவே நாங்கள் செய்வது இப்படி. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, முழு த்ராட்டிலில் (முழு வேகத்தில்) நீடிலை, அதாவது எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசித் திருகாணியை, கொஞ்சம் கொஞ்சமாக மூடுவோம். கடகடவென்ற கனத்த ஓசை போய், ஒரே சீரான கூர்மையான ஓசை வரும். அந்த உச்சத்தைத் தொட்டதும் இரண்டு மூன்று க்ளிக் (திருகும்போது கையில் தட்டுப்படும் படி) திறந்துவிடுவோம். அப்புறம் ஒருவர் விமானத்தை இறுகப் பிடித்து மூக்கை வானத்துக்கு நிமிர்த்துவார். ஓசை லேசாக ஏறி அப்படியே நின்றால் சரி. ஏறிவிட்டுத் தொய்ந்தால் இன்னும் ஒரு க்ளிக் திறக்க வேண்டும். சைலன்சரிலிருந்து மெல்லிய வெண்புகை எப்போதும் கோடுபோல வர வேண்டும். புகையே இல்லையென்றால் எண்ணெய் போதவில்லை என்று பொருள், அந்த எஞ்சினை நாங்கள் மேலே அனுப்ப மாட்டோம். எஞ்சின் மெதுவாக ஓடும்போதைய கலவையைச் சரிசெய்யும் மெதுஓட்டத் திருகாணியைக் கடைசியில்தான் தொடுவோம். எஞ்சின் மெதுவாக ஓடும்போது எரிபொருள் குழாயை விரலால் நசுக்கிப் பார்ப்போம். உடனே நின்றால் கலவை வறட்சி. கொஞ்சம் வேகமெடுத்துப் பிறகு நின்றால் செழிப்பு, அதாவது எரிபொருள் அதிகம்.

மதியச் சூட்டில் டியூன் செய்ததை மறுநாள் அதிகாலையில் அப்படியே ஓட்டாதீர்கள். குளிர்ந்த காற்றில் அடர்த்தி அதிகம், அதே நீடில் அப்போது வறட்சியாகிவிடும். ஒரு க்ளிக் திறந்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். நீடில் சரியில்லை என்று தோன்றினால் அதைத் திருகும் முன் எரிபொருளைப் பற்றவைக்கும் க்ளோ பிளக்கையும் எரிபொருளையும் மாற்றிப் பாருங்கள். எரிபொருளில் உள்ள மெத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், மழைக்காலத்தில் மூடி திறந்து கிடந்த கேனை நம்பவே கூடாது. அதோடு ஒரு வேண்டுகோள்: எரிபொருளைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தரும்படி தயவுசெய்து கேட்காதீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது இதே மெத்தனால்தான்.

எஞ்சின் தயாரானால் பாதி வேலைதான் முடிந்தது. முதல் பறப்பில் நாங்கள் சாகசம் எதுவும் காட்ட மாட்டோம். உயரத்துக்குப் போய், கையை விட்டாலும் நேராகப் போகும்படி டிரிம் (மடல்களின் நடுநிலைத் திருத்தம்) வைப்போம். பிறகு மல்லாக்கப் புரட்டிப் பார்ப்போம். மட்டமாகப் போக எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) குச்சியைச் சற்று முன்னே தள்ள வேண்டியிருந்தால் எடை மையம் சரி. நிறையத் தள்ள வேண்டியிருந்தால் மூக்குக் கனம். தள்ளாமலே மேலேறினால் வால் கனம். செங்குத்தாக ஏற்றும்போது மூக்கு இடப்பக்கம் சாய்ந்தால், எஞ்சின் மவுண்ட்டின் இடப்பக்கத் திருகுகளுக்குப் பின்னால் மெல்லிய வாஷர் வைத்து எஞ்சினைச் சற்று வலப்பக்கம் திருப்புவோம். இதை ட்ரான்ஸ்மிட்டரின் ரட்டர் (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் மடல்) டிரிம்மில் சமாளித்தால் த்ராட்டிலைக் குறைத்ததும் விமானம் வேறு பக்கம் போகும். பறந்து பார்க்காமல் அந்த வாஷர் எத்தனை மில்லிமீட்டர் என்று யாராலும் சொல்ல முடியாது.

அதற்குக் காற்று ஒத்துழைக்க வேண்டும். நம் பொள்ளாச்சி பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் கிழக்கே இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத் திறப்பு அது, தென்மேற்குப் பருவக் காற்று அதன் வழியே வந்து நம் மேல் கொட்டுகிறது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், மூன்று கிலோ விமானம் எம்மாத்திரம்! அது சாய்வது எஞ்சின் கோணத்தாலா காற்றாலா என்று அப்போது பிரித்தறியவே முடியாது. மேற்கே தென்னந்தோப்பு இருக்கும் மைதானம் என்றால் இன்னும் மோசம். தோப்பைத் தாண்டி வரும் காற்று சுழன்று விழும், இறங்கும் விமானத்தைக் கடைசி நேரத்தில் அமுக்கிவிடும். ஆனி, ஆடியில் நாங்கள் தேதியைத் தள்ளிப்போட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த மாதங்களில் விடிந்ததும் கிடைக்கும் ஒரு மணி நேரம்தான் எங்களுக்கு உருப்படியான நேரம்.

வரும்போது ட்ரான்ஸ்மிட்டர், ரிசீவர் பேட்டரிகளை முழுசாகச் சார்ஜ் செய்து கொண்டுவாருங்கள். மைதானத்தில் நீடிலைத் திருகும்போது நீங்களும் பக்கத்தில் இருக்க வேண்டும், ஓசையைக் கேட்டுப் பழக வேண்டும். ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் நின்றுதான் திருக வேண்டும், அதில் மட்டும் யாருக்கும் விதிவிலக்கு கிடையாது. இந்த ஒப்படைப்புப் பறப்புக்குத் தனிக் கட்டணம் இல்லை. முந்தின நாள் மாலை கடைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், காற்றைப் பார்த்து நேரம் சொல்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மாடல் விமானக் கடையினர்,
பொள்ளாச்சி