அந்த நிறுத்தத்தை எடுத்துவிடுங்கள்: சங்கத்துப் பயணக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பயணக் குழுவினருக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை நியூயார்க் லாங் ஐலண்டில் இருக்கும் அமிட்டிவில்லில் நடந்தது உங்களுக்குத் தெரியும். வேன் உங்களுடையது, வாட்ஸப்பில் படம் போட்டதும் நீங்கள்தான். அந்தப் பக்கம் ஆறு வருடமாக வாடகைக்குக் குடியிருப்பவன், சங்கத்துக்குச் சந்தா பாக்கி வைக்காதவன் என்ற உரிமையில் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மாதக் கடைசியில் போகப்போகும் இரண்டாவது பயணத்தில் 'பேய் வீடு' என்று போட்டிருக்கும் நிறுத்தத்தை எடுத்துவிடுங்கள்.

நீங்கள் வரிசைகட்டி நின்றது ஒரு வீட்டு டிரைவ்வேயின் வாயில். அந்த வீட்டு அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். கடைக்குப் போய்விட்டுத் திரும்பியவர், உள்ளே காரைத் திருப்ப வழியில்லாமல் இண்டிகேட்டரைப் போட்டபடி தெருவிலேயே நின்றார். ஹார்ன் அடிக்கவில்லை. நம்மவர் ஒருவர் கல்யாணப் பந்தியை மேய்ப்பவர் மாதிரி கையை வீசி, பின்னால் போகச் சொல்லி சைகை காட்டினார். கார் போட்டோவில் விழுகிறதாம்! அந்த அம்மாவும் பேசாமல் பின்னால் எடுத்தார். நீங்கள் செல்ஃபி எடுத்து முடிக்கிறவரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட்டில் மளிகைப் பைகள்.

நான் தெருமுனையில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வந்து தடுத்திருக்க வேண்டும். யாராவது என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று நழுவிவிட்டேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் படம் எடுத்தது கொலை நடந்த அந்தப் 'பேய் வீட்டை'யே அல்ல. கண் மாதிரி இரண்டு மாடி ஜன்னல்களைத் தேடினீர்கள். அவை எப்போதோ போய், சாதாரண ஜன்னல்கள் வந்துவிட்டன. கதவு எண்ணையும் மாற்றிவிட்டார்கள். எல்லாம் உங்களையும் என்னையும் போன்றவர்கள் வந்து நிற்கக் கூடாது என்பதற்காகத்தான். அந்த வீட்டுப் பேய்க்கதையை வைத்து 1979-ல் வந்த சினிமாவைக்கூட அங்கே எடுக்கவில்லை, நியூஜெர்சியில் டாம்ஸ் ரிவர் என்ற ஊரில் எடுத்தார்கள். உங்களில் பாதிப் பேர் நியூஜெர்சிக்காரர்கள். வெரசானோ பாலத்துக்கு டோல் கட்டி இவ்வளவு தூரம் வந்திருக்கவே வேண்டாம். ஐயோ, அதற்காக அங்கே கிளம்பிவிடாதீர்கள். அதுவும் யாரோ குடியிருக்கும் வீடுதான்.

சரி, பேய்க்கு வருவோம். 1974 நவம்பர் 13 விடியற்காலையில் 23 வயது மகன் ஒருவன் அப்பா, அம்மா, கூடப்பிறந்த நான்கு பேர் என்று ஆறு பேரைச் சுட்டுக் கொன்றான். கடைசித் தம்பிக்கு வயது 9. கொன்றவன் 2021-ல் தண்டனைக் காலத்திலேயே செத்துப்போனான். நடந்தது இவ்வளவுதான். 1975 டிசம்பரில் அங்கே குடிவந்த குடும்பம் 28 நாளில் காலிசெய்து போனது, 1977-ல் பேய்க்கதை புத்தகமாக வந்தது. ஒயின் பாட்டில்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்து அந்தக் குடும்பத்தோடு சேர்ந்து ஜோடித்த கதை அது என்று கொலையாளியின் வக்கீலே பிறகு சொல்லிவிட்டார். அவர்களுக்குப் பின் சுமார் பத்து வருடம் அங்கே இருந்தவர்கள் கண்ட ஒரே தொல்லை, வேடிக்கை பார்க்க வந்த கூட்டம். அந்தக் கூட்டத்தில் இப்போது நாமும் சேர்ந்தாயிற்று.

உங்கள் நோட்டீஸில் 'குழந்தைகளுக்குப் பாதிக் கட்டணம்' என்று இருந்தது. ஒன்பது வயதுப் பையன் படுக்கையில் சுடப்பட்டுச் செத்த இடத்துக்குப் பாதிக் கட்டணம்! இங்கிலாந்தில் குளொஸ்டர் நகரத்தில் இப்படி ஒரு கொலை வீட்டை 1996-ல் இடித்தபோது செங்கல்லைக்கூட நொறுக்கித் தூளாக்கினார்கள், யாரும் ஞாபகார்த்தமாக எடுத்துப்போகக் கூடாது என்று. நம் ஆட்களுக்கு வாய்ப்புக் கிடைத்திருந்தால் ஆளுக்கு ஒரு கல் எடுத்து வந்து கொலுவில் வைத்திருப்பார்கள். நம் யூடியூப் கொலைக்கதை சேனல்களைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். ஒரு சாவு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு போகிற நமக்கு, அமெரிக்கா வந்ததும் என்ன ஆகிறது?

மன்னிக்கவும், குரல் உயர்ந்துவிட்டது. கொலை நடந்த வீட்டைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்களை மாசசூசெட்ஸில் ஃபால் ரிவர் ஊருக்கு அழைத்துப் போங்கள். 1892-ல் கோடரியால் இரண்டு பேர் கொல்லப்பட்ட வீடு அது. உரிமையாளர்களே டிக்கெட் போட்டுச் சுற்றிக்காட்டுகிறார்கள், ராத்திரி தங்கவும் அறை தருகிறார்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. இங்கே மட்டும் வேண்டாம். தயவுசெய்து பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். குழுவில் போட்ட படங்களையும் அழித்துவிடுங்கள். அந்த அம்மாவின் கார் நம்பர் இரண்டு படங்களில் தெளிவாகத் தெரிகிறது.

அப்புறம், அந்தப் புல்தரையில் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் மூடியை யாரோ விட்டுப் போயிருக்கிறீர்கள். ஞாயிறு காலை அந்த அம்மாவே அதைக் கழுவித் துடைத்து என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதில் வெட்டியிருந்த 'ச.ரா.'வைத் தடவிக் காட்டி, "இது உங்கள் எழுத்துத்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மூடி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. உரியவர் வந்து வாங்கிக்கொள்ளலாம். வருகிறவர் தயவுசெய்து தனியாக வரவும்.

இப்படிக்கு,
உங்கள் சங்க உறுப்பினர் ஒருவன்