துணைநிற்போருக்கும் தொழிற் தகைமை வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

ஓட்டிசம், டவுன் சிண்ட்ரோம் போன்ற விருத்திக் குறைபாடுகளுடன் வாழ்வோருக்கு அன்றாடம் துணைநிற்கும் பணியாளர்களை நாம் இன்னமும் 'உதவிக்கு வருபவர்' என்ற கணக்கிலேயே வைத்திருக்கிறோம். பேச இயலாத ஒருவர் தலையைச் சுவரில் மோதும்போது அது பிடிவாதமா பல்வலியா எனப் பிரித்தறிவதும், வலிப்பு வந்தால் வாயில் எதையும் திணிக்காமல் பக்கவாட்டில் படுக்கவைத்து நேரத்தைக் கவனிப்பதும், வளர்ந்த ஒருவர் தமது சட்டையைத் தாமே தெரிவுசெய்யும்வரை பொறுத்திருப்பதும் கற்றுப் பழக வேண்டிய திறன்கள். இரக்கம் மட்டும் போதாது.

அமெரிக்காவில் இத்தகைய பணியாளருக்கான தேசியக் கூட்டமைப்பு, அவர்கள் செய்த வேலையையே சான்றாகக் கொண்டு மூன்று படிநிலைகளில் தகைமை வழங்குகிறது. தனி ஒழுக்கக் கோவையும் உண்டு. நாம் புதிதாக எதையும் கட்டியெழுப்பத் தேவையில்லை. ஏழு மட்டங்களைக் கொண்ட இலங்கையின் தேசிய தொழிற் தகைமை முறைமையில், முன்கற்றலை, அதாவது வேலையிலேயே கற்ற திறனை, அங்கீகரிக்கும் வழி ஏற்கெனவே உள்ளதால், கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஆண்டுக்கணக்காக இப்பணியில் இருக்கும் பெண்கள் மீண்டும் வகுப்பறைக்குச் செல்லாமலே மதிப்பீட்டுக்கு முன்வரலாம். (வெளிநாடு செல்லும் பராமரிப்பாளருக்குக் காட்டும் அக்கறையில் பாதியேனும் இங்கிருப்போருக்குக் கிடைக்கட்டும்.)

2016இல் இலங்கை ஏற்றுறுதிப்படுத்திய, இயலாமையுடையோர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 4ஆம் உறுப்புரை, இத்துறைப் பணியாளரின் பயிற்சியை ஊக்குவிக்குமாறு அரசைப் பணிக்கிறது. ஆகவே அத்தகைமை முறைமைக்குப் பொறுப்பான மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு இப்பணிக்கெனத் தனித் தகுதித் தரமொன்றை வகுத்து, மதிப்பீட்டைத் தமிழிலும் நடத்தி, மட்டத்துக்கேற்ற சம்பளத்தையும் பரிந்துரைக்க வேண்டும். சம்பளம் உயராவிடின் சான்றிதழ் பெற்றவர்களும் வேறு வேலை தேடிப் போய்விடுவர்.

இவ்வண்ணம்,
ஒரு தந்தை,
கொழும்பு 06.