பரோசா போன நாளும் பருப்புப் பொடியும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நல்லபடியாகக் கம்பம் வந்து சேர்ந்தோம். அனுப்பிய செய்திக்கெல்லாம் நீல டிக் விழுகிறது, பதில்தான் இல்லை. வேலை இருக்கும். போனில் பேசலாம் என்றால் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். அதனால் தாளில் எழுதி, தம்பியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் என்ன பார்த்தீர்கள் என்று ஊரில் கேட்காத ஆள் இல்லை. நான் பரோசா என்ற திராட்சைத் தோட்டப் பள்ளத்தாக்கை மட்டும்தான் சொல்கிறேன். அடிலெய்டிலிருந்து எழுபது கிலோமீட்டர், என் மகளே கார் ஓட்டிக் கூட்டிப்போனாள் என்றதும் டீக்கடையில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன் பாப்பா. பொழுது சாயும் நேரத்தில் அந்த ரோட்டில் போகாதே. கங்காரு குறுக்கே பாயும் என்று நீதான் சொன்னாய்.

அங்கே ஜூலை மாதம் குளிர்காலம் என்பதால் கொடியில் ஒரு இலை இல்லை. பந்தல் கிடையாது, கல்தூண் கிடையாது, இடுப்பு உயரக் கம்பியில் வெறும் குச்சி. நம்ம பக்கம் கவாத்து அடித்தால் நாலாவது மாதம் பன்னீர் திராட்சை பறிக்கலாம், வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் தொங்கும். அங்கே குளிரில் தூங்கி எழுந்து வருடத்துக்கு ஒரே ஒரு வெள்ளாமை. லாங்மீல் ஒயின் தோட்டத்தில் 1843-இல் நட்ட ஷிராஸ் என்ற ஒயின் திராட்சைக் கொடி இன்னும் காய்க்கிறது என்றார்களே, அதுதான் எனக்கு ஆறவே இல்லை. உன் தாத்தா வைத்த கொடி ஒன்றாவது இன்று நம்மிடம் இருக்கிறதா? கொடியின் வேரை உறிஞ்சிக் கொல்லும் வேர்ப்பேன் பூச்சி ஐரோப்பாவில் தோட்டம் தோட்டமாக அழித்தபோதும் அந்தத் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்துக்குள் நுழையவில்லையாம். அது செருப்பு மண்ணில் ஒட்டி வரும், அதனால்தான் வேலிக்கு உள்ளே யாரையும் சும்மா விடுவதில்லை. நானும் என் செருப்பை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு வெளியிலேயே நின்றேன். எங்க அப்பாவும் திராட்சை விவசாயிதான் என்று கவாத்து அடித்துக்கொண்டிருந்தவரிடம் நீ சொன்னாயே, அது போதும் எனக்கு.

1980களில் அங்கே விலை விழுந்தபோது, பழைய கொடிகளைப் பிடுங்கிப் போடுவதற்கு அரசாங்கமே பணம் கொடுத்ததாம். பிடுங்காமல் பொறுத்தவர்கள் தோட்டத்துப் பழத்துக்குத்தான் இன்று மவுசு. இதை எழுதும்போது அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எதுக்கு எழுதுறீங்க, பிள்ளை வேற மாதிரி எடுத்துக்கும்" என்கிறாள். நான் கொடியைப் பற்றித்தான் எழுதினேன்.

ருசி பார்க்கக் கொடுத்த ஒயினை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, மறுபடி வண்டி எடுத்தாய். சரி, சட்டம் அப்படி. ஆனால் செப்பெல்ட்ஸ்ஃபீல்டு என்ற பழைய ஒயின் ஆலையில் நீ துப்பவில்லை. 1878-லிருந்து வருடம் தவறாமல் ஒரு பீப்பாய் ஒயினை நூறு வருடத்துக்கென்று ஒதுக்கி வைக்கிறார்களாம். யாரும் தன் பிறந்த வருடத்துப் பீப்பாயிலிருந்து ருசி பார்க்கலாம். உனக்கு 1989. கண்ணாடிக் கிண்ணத்தில் அடியில் கொஞ்சம்தான், ஆட்டினால் பக்கவாட்டில் ஒட்டி மெதுவாக இறங்கியது. நானும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். கருப்பட்டிப் பாகில் புளியைக் கரைத்த மாதிரி இருந்தது. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் இருட்டில் கிடந்த சரக்கு, எனக்குக் குறை சொல்லத் தெரியவில்லை.

அப்போது ஊற்றிக் கொடுத்த பெண், உங்கள் வீட்டுக்காரர் வருடத்தையும் எடுக்கட்டுமா என்று கேட்டாள். நீ வேண்டாம் என்று தலையாட்டினாய். அப்பாவுக்குப் புரியாது என்று நினைத்திருப்பாய். நான் எஸ்.எஸ்.எல்.சி. பாப்பா, அந்த அளவு இங்கிலீஷ் வரும்.

அதற்குப் பிறகு ஸ்பிரிங்டன் வழியாகத் திரும்பினோம். 1855-இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஹெர்பிக் என்பவர் பொந்து விழுந்த யூகலிப்டஸ் மரத்துக்குள் குடியிருந்து, கல்யாணம் கட்டி, அங்கேயே இரண்டு பிள்ளையும் பெற்றார் என்று பலகையைப் படித்துச் சொன்னாய். உன் அம்மாவுக்குத்தான் வாய் நிற்காதே, "மரப்பொந்துக்குள்ளயும் ரெண்டு பேரு குடும்பம் நடத்தியிருக்காங்க பாரு" என்றாள். நீ சாவியை எடுத்துக்கொண்டு காருக்குப் போய்விட்டாய். படம்கூட எடுக்கவில்லை. அவள் யாரையும் குத்திப் பேசவில்லை, அவள் பேச்சே அப்படி. வீடு வந்து சேரும்வரை யாரும் பேசவில்லை, இருட்டியும் விட்டது. அதனால்தான் சொல்கிறேன், சாயங்காலத்தில் அந்த ரோட்டில் தனியாக ஓட்டாதே.

நாங்கள் இருந்தவரை மாப்பிள்ளைக்கு மெல்பர்னில் வேலை என்றாய். இருக்கலாம். வேலைக்குப் போகிறவர் குளிர்கால கோட்டு, ஷூ, அவர் அம்மா படம் எல்லாவற்றையுமா எடுத்துக்கொண்டு போவார்? நான் கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாய், அம்மா பக்கத்தில் இருக்கும்போது அது வேண்டாம் என்றுதான் விட்டேன். கல்யாணத்துக்குக் கேட்டபோது உன் விருப்பம் என்று சொன்ன ஆள்தானே நான்? இப்போது மட்டும் என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்சம் கோபம்தான்.

மாடி அறைக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. சும்மாதான், அம்மா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முல்லைப் பெரியாற்றில் தண்ணீர் வருகிறது, கீழ்த் தோட்டத்தில் அடுத்த வாரம் கவாத்து. திராட்சை விலையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

சின்னமனூர் அத்தை பேத்தி இந்த மாதக் கடைசியில் அடிலெய்டு வருகிறாள். அவளிடம் நார்த்தங்காய் ஊறுகாயும் பருப்புப் பொடியும் கொடுத்துவிடுகிறோம். மாப்பிள்ளைக்கென்று எப்போதும் காரம் கூட்டித் தனியாக இடிப்பாள் அல்லவா, இந்த முறையும் இடிக்கவா என்று அம்மா கேட்கிறாள். அவளிடம் சொல்லாதே, எனக்கு மட்டும் எழுது. ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிந்தால் மிளகாய் காயப்போட வசதியாக இருக்கும்.

அப்பா