அவர்களை ஒரே காரில் அனுப்பாதீர்கள்: ஸ்பானிய சபைகளின் போதகர்களுக்கு ஒரு மடல்

அமெரிக்காவில் ஸ்பானிய மொழியில் ஆராதனை நடத்தும் பாஸ்டர்களுக்கும் பங்குத்தந்தையர்களுக்கும் வணக்கம்.

உங்கள் மொழியில் நலம் விசாரிக்கத் தெரியும். மனதில் கிடப்பதைச் சொல்ல எனக்குத் தமிழ்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெக்சாஸில் எங்கள் தமிழ் சபையும் ஒரு ஸ்பானிய சபையும் ஒரே கட்டடத்தில் கூடுகின்றன. காலையில் நாங்கள், மதியம் அவர்கள். சமையலறை பொது. அங்கேதான் அந்தச் சகோதரியோடு பழக்கம். ஆகஸ்ட் வெயிலில் முழுக்கை ஸ்வெட்டரோடு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கை நனைகிறதே என்று மடித்துவிடப் போனேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

சில வாரம் கழித்து அவரே சொன்னார். பாஸ்டரிடம் ஏற்கெனவே போயிருக்கிறார். அந்தப் பாஸ்டர் நல்லவர், வாடகைக்குத் தவித்த மாதம் உதவியவர். கணவன் மனைவி இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து, வீட்டில் என்ன நடக்கிறது என்று மனைவியைச் சொல்லச் சொன்னார். அவரும் நம்பிச் சொன்னார். கணவர் அழுதார், மூவரும் ஜெபித்தார்கள். அப்புறம் இருவரும் ஒரே காரில் வீட்டுக்குப் போனார்கள்.

அந்தக் காருக்காகத்தான் இந்த மடல். வாயைத் திறந்ததற்கான தண்டனை அந்தக் காரிலேயே தொடங்கிவிட்டது. சேர்த்து உட்கார வைத்துப் பேசுவது சாதாரணச் சண்டைக்குச் சரி. ஒருவர் மற்றவருக்குப் பயந்து வாழும் வீட்டுக்கு அது ஆபத்து. தனியாகப் பேசுங்கள். "இன்று ராத்திரி வீட்டுக்குப் போக பயமாக இருக்கிறதா?" என்று முதலில் கேளுங்கள்.

"அகுவாந்தா, எர்மானா" என்று அவரிடம் சொல்லப்பட்டதாம். பொறுத்துக்கொள் சகோதரி. எபேசியர் 5-ம் அதிகாரத்தில் 22-ம் வசனம், மனைவிகளே கீழ்ப்படியுங்கள் என்பது, அவருக்கு மனப்பாடம். ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்லும் 21-ம் வசனத்தையும், புருஷர்களே அன்புகூருங்கள் என்னும் 25-ம் வசனத்தையும் யாரும் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை.

கத்தோலிக்கப் பங்குகளில் இருப்பவர்களுக்குச் சாக்கே கிடையாது. வன்முறை நிறைந்த திருமணத்தில் யாரும் தொடர்ந்து இருக்க வேண்டியதில்லை என்று அமெரிக்க ஆயர்கள் எழுத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். அந்த அறிக்கை 1992-இல் வந்தது, 2002-இல் புதுப்பிக்கப்பட்டது. பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலும் பாஸ்டர் சொல்வதுதான் முடிவு. அப்படியென்றால் இதையும் நீங்கள்தான் பிரசங்க மேடையில் நின்று சொல்ல வேண்டும். பெண்கள் கூட்டத்தில் மட்டும் சொன்னால் போதாது.

போலீஸ் என்றாலே காகிதம் இல்லாத குடும்பங்களுக்கு நடுக்கம் என்பது எனக்குத் தெரியும். தேவாலயங்களில் குடியேற்ற அதிகாரிகள் நுழைவதைக் கட்டுப்படுத்திய வழிகாட்டுதலையும் அரசு 2025 ஜனவரியில் விலக்கிக்கொண்டது. அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தப் பயத்தையே பூட்டாக வைத்துக்கொண்டுதான் பல கணவர்கள் மிரட்டுகிறார்கள்: "போலீஸுக்குப் போனால் உன்னைத்தான் நாடு கடத்துவார்கள்."

கணவர் குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இருந்தால், பெண்களுக்கெதிரான வன்முறை குறித்த 1994-ம் ஆண்டுச் சட்டப்படி இங்கே தங்கும் அனுமதிக்கு மனைவி தானாகவே விண்ணப்பிக்கலாம். கணவரின் கையெழுத்து வேண்டாம், அவருக்குத் தெரியவும் வேண்டாம். கணவருக்கும் காகிதம் இல்லையென்றால், குற்றத்துக்கு ஆளாகி விசாரணைக்கு உதவுகிறவர்களுக்கான யூ விசா இருக்கிறது. ஆண்டுக்கு 10,000 பேருக்குத்தான் என்பதால் பல வருடக் காத்திருப்பு, நிஜம்தான். நீங்கள் சட்டம் படிக்க வேண்டாம். நல்ல குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரின் எண் உங்கள் கைபேசியில் இருக்கட்டும்.

கணவர் அழுதால்? அழட்டும், அவருக்காகவும் ஜெபியுங்கள். ஆனால் அடுத்த ஞாயிறே மைக்கை அவர் கையில் கொடுத்துப் பாட வைக்காதீர்கள். கீழே உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு, சபை யார் பக்கம் நிற்கிறது என்பது அதிலேயே புரிந்துவிடும்.

இன்னொன்று, மிகச் சின்ன வேலை. குடும்ப வன்முறைக்கான தேசிய உதவி எண் 1-800-799-7233. இரவு பகல் எந்நேரமும் ஸ்பானிய மொழியில் பேசலாம். அதைப் பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். அறிவிப்புப் பலகையில் வேண்டாம், அங்கே கணவர் கூடவே நிற்பார்.

எங்கள் கட்டடத்தில் ஒட்டிவிட்டோம். தாளின் அடியில் கிழித்து எடுத்துக்கொள்ளச் சின்னத் துண்டுகள், எண் மட்டும் எழுதியவை. முதல் ஞாயிறு சாயங்காலம் கூட்டிப் பெருக்கப் போனபோது மூன்று துண்டுகள் போயிருந்தன. காலையில் வந்தவர்கள் எடுத்தார்களா, மதியம் வந்தவர்களா, தெரியவில்லை.